பெயர் பெற்ற கல்லூரியா, கடன் குறைந்த கல்லூரியா?



பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த நாள்முதல் நம் பகுதியின் வீடுகளில் ஒரே பேச்சுதான். மீஞ்சூர் கடைத்தெருவிலும், அத்திப்பட்டுப் புதுநகர் ரயில் நிலையத்திலும், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போதும், "எந்தக் கல்லூரி நல்லது, ஐயா?" என்ற கேள்வியே என்னை எதிர்கொள்ளுகிறது. இது உலகக் காரியம், இதற்கும் வேதத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு குடும்பத்தின் அடுத்த பதினைந்து ஆண்டுச் சம்பாத்தியத்தை முடிவு செய்கிற காரியத்தை ஜெபத்திற்கு வெளியே வைத்துவிட்டு, மற்றவற்றுக்காக மாத்திரம் முழங்கால் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும், கப்பல் கட்டும் தளத்திலும், அனல்மின் நிலையத்திலும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளராக உழைக்கிறவர்களும், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுகிறவர்களுமே நம் சபையில் அதிகம். இவர்களுடைய பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால் இரண்டு வாசல்கள் திறக்கின்றன. ஒன்று, கவரைப்பேட்டைப் பக்கமோ செங்குன்றம் பக்கமோ, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரி. அரசுக் கலந்தாய்வின் வழியாகக் கிடைக்கும் இடம். மற்றொன்று, நகரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய பெயர்கொண்ட ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது கலந்தாய்வுக்குள் வராது. தானே சேர்க்கை நடத்தும், தன் கட்டணத்தை வசூலிக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று ஆண்டவர் கேட்ட உவமையை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் அறிந்திருக்கிறோம். அதைச் சீஷத்துவத்தைப் பற்றிய உவமையாகப் பிரசங்கிக்கிறோம், அது சரியே. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புரிந்ததற்குக் காரணம், பாதியில் நின்றுபோன கட்டடங்களை அவர்கள் தங்கள் ஊரில் கண்டிருந்ததுதான்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணத்தை 2017-இல் கட்டண நிர்ணயக் குழு 50,000 ரூபாயாகவும், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு 55,000 ரூபாயாகவும் வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. இவை திருத்தப்படும்போது புதிய தொகையைச் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 55,000 என்றே வைத்து, பேருந்து, தேர்வு, புத்தகம், மதிய உணவு என்று இன்னும் 45,000 சேர்த்தாலும் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமும் மூன்றாம் நபர் பிணையும் தேவையில்லை.

இனி அடுத்த வாசல். ஆண்டுக்கு 2 லட்சம் மாத்திரமே என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 8 லட்சம் கடன், வட்டி 10 விழுக்காடு. படிக்கும் காலத்திலும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லுவார்கள். நம்மவர்கள் அதைக் கேட்டவுடன் மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் வட்டி காத்திருப்பதில்லை. முதல் ஆண்டு வாங்கிய பணத்துக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, பிறகு 2; தனிவட்டியாகப் பார்த்தாலே 2,80,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் பாக்கி 10,80,000. அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 14,270 ரூபாய் வேண்டும். கட்டி முடிக்கும்போது 17 லட்சத்தைத் தாண்டியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை நகரத்தில் அறை வாடகை கொடுத்து, சாப்பிட்டு, அதற்குமேல் மாதம் 14,000 எடுத்துவைக்க முடியுமா என்பதே கேள்வி. மேலும், கடன் தொகை ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்கும். பட்டா இல்லாத குப்பத்து வீட்டை அது ஏற்பதில்லை. அதன்பின் நம்மவர்கள் போய் நிற்குமிடம் வட்டிக்கடை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

இதைச் சொன்னால், "பெயருக்கு மதிப்பில்லையா, ஐயா?" என்று கேட்கிறார்கள். உண்டு. பெயர் பெற்ற கல்லூரிக்கு நிறுவனங்கள் தாமாகவே ஆள் எடுக்க வருகின்றன; நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஒன்றுசேர்வதால் ஒருவரையொருவர் தூக்கிவிடுகிறார்கள். இதை மறுப்பவன் அல்ல நான். ஆனால் அந்தப் பெயர் எதனால் வந்தது என்று விசாரிக்க வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது; அதன் பெயர் இருநூறு ஆண்டு உழைப்பினால் வந்தது. அங்கேயோ, குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யிலோ, ஓர் அரசுக் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் இரண்டு வாசல் என்ற கேள்வியே எழாது. அங்கே பெயரும் குறைந்த கட்டணமும் ஒன்றாய் இருக்கின்றன. விரும்பிய கணினிப் பிரிவு இல்லாமல் இயந்திரவியலோ மின்னியலோ கிடைத்தாலும் போய்ச் சேருங்கள் என்பதே என் கருத்து. கப்பல் தளமும் மின்நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த ஊரில் வாழ்கிற நாம், இயந்திரவியல் என்றால் முகம் சுளிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளம்பரப் பலகையினால் வந்த பெயரோ வேறு. மத்திய அரசின் தரவரிசையில் ஆசிரியர், வசதி ஆகியவற்றுக்கு 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் அடைந்த பலனுக்கு 20. அதாவது, ஆராய்ச்சிக் கட்டுரைகளை மிகுதியாக வெளியிடுகிற நிறுவனம் மேலே வரும். அந்த ஆராய்ச்சியாளர் முதலாண்டு வகுப்புக்கு வருகிறாரா என்பதை அந்த எண் சொல்லாது. ஆனால் அதே தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் அளிக்கும் தகவல் அறிக்கையில், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேர் வேலை பெற்றார்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பவை இருக்கின்றன. அதைப் பாருங்கள். பலகையில் எழுதுவது ஒரே ஒரு மாணவன் பெற்ற உச்சச் சம்பளம். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவன் பெறுவதே இடைநிலைச் சம்பளம். உங்கள் பிள்ளை அந்த நடுவனுக்கு அருகில் நிற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. 'நாக்' என்னும் அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் உரியது, 'என்.பி.ஏ.' அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுவது. வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு அது உண்டா, எந்த ஆண்டுவரை உண்டு என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஓர் உண்மையை வெளிக்கொண்டு வந்தது: ஒரே ஆசிரியரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர் பட்டியலில் இருந்தது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. ஆகவே அருகிலிருக்கிறது, மலிவாயிருக்கிறது என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. ஒரு வேலைநாளில் நேரே போங்கள். சேர்க்கை அலுவலகத்தில் காப்பி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வெளியே வந்து, பேருந்துக்கு நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "ஆய்வகத்தில் உங்கள் கையால் வேலை செய்கிறீர்களா, ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா?" என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் எடுத்துச் சொல்லும் ஒருவர் அப்துல் கலாம். இராமேஸ்வரத்துப் பிள்ளை, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்தபின் எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தது; ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது; தகப்பனாரிடம் அவ்வளவு பணமில்லை; அக்காள் சோகரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். "கலாமுக்காக நகையை அடகு வைக்கவில்லையா? நாமும் வைப்போம்" என்கிறார்கள். கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தால் மீட்பேன் என்று அவர் தீர்மானித்தார். அப்போது அவருக்கிருந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவதுதான். வடிவமைப்பு வேலை பின்தங்கியபோது பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்றார். பிள்ளை இரவெல்லாம் உழைத்தான். அங்கே பெயர் என்பது அப்படிப்பட்ட ஆசிரியரும், மாணவர் பார்த்துக் கற்பதற்காக நிறுத்திவைத்திருந்த பழைய விமானங்களும். அடகு வைத்த நகைக்கு ஈடாகக் கிடைத்தது அதுவே.

அக்காளின் வளையல் என்னை வேறொரு காரியத்தையும் நினைக்கச் செய்கிறது. நம் வீடுகளில் மகனுடைய பெரிய கல்லூரிக்காக முதலில் சுருங்குவது மகளுடைய படிப்பு. அண்ணன் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். தங்கை, "அருகில் ஏதாவது ஒரு டிகிரி போதும்" என்று அனுப்பப்படுகிறாள். அவளுடைய மதிப்பெண் அவனுடையதைவிட அதிகமாயிருந்தும் இப்படி நடந்த வீடுகளை நான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள். எந்தக் கல்லூரியின் பெயரும் இதை நியாயப்படுத்தாது. கணக்கு எழுதும்போது வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் திரளான செல்வத்தைவிட நற்பெயரை உயர்த்திப் பேசுகிறது; ஏழாம் வசனம் கடன் வாங்குகிறவன் கொடுத்தவனுக்கு அடிமையாவதைச் சொல்லுகிறது. ஆறு வசன இடைவெளியில் இரண்டும் நிற்கின்றன. முதல் வசனத்தைக் காட்டி இரண்டாவதை மறக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அங்கே பேசப்படும் பெயர் ஒருவன் தன் நடக்கையால் சம்பாதித்துக்கொள்வது. நான்கு ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறும் பெயர் அதில் அடங்காது. பவுல் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். அது அன்றைய எருசலேமின் உயர்ந்த பெயர். ஆனாலும் கொரிந்துவில் அவருடைய சாப்பாட்டுக்கு வழிசெய்தது கூடாரம் செய்யும் கைத்தொழில்.

ஆகவே, பிரிவு தரமானதாயிருந்து, ஆசிரியர் உண்மையாகவே இருந்தால், நம்மைப் போன்ற குடும்பங்கள் கடன் குறைந்த வாசலுக்குள் போகவேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. இருதயம் பெரிய பெயரையே நாடுமானால், அந்த ஆசையைப் பிள்ளையின் மேற்படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேருகிறவருக்கு உதவித்தொகையே கிடைக்கிறது.

அரசு தருவதையும் விட்டுவிடாதிருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருகிறவருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தனிச் சலுகை. ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவர்களான நம் குடும்பங்கள் கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்டோராகவே எண்ணப்படுகின்றன. இதைக்குறித்து இன்னொரு வாரம் எழுதுவேன். ஆயினும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் உண்டு என்பதை அறியாமல் விட்டவர்கள் நம்மிடையே பலர். நன்கொடை என்ற பெயரில் தனியே பணம் கேட்டால் கொடுக்காதிருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

சனிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்திற்குப்பின், நம் சபையின் வாலிபர்களில் பொறியியல் முடித்தவர்கள் ஆலய வளாகத்தில் இருப்பார்கள். விருப்பப் பட்டியலைக் கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு சரிபார்க்க உதவுவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வைத்திருங்கள். தகப்பனோடு தாயும் வரட்டும். படிக்கப்போகிற பிள்ளையும் கட்டாயம் வரவேண்டும். வழக்கமாக அவரைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.