உண்டியல் காசுக்குப் பழைய பம்பு: இனியும் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. குறிப்பா கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவங்களும், திருவிழா நேரத்தில் சாமான் வாங்க ஓடுற தம்பிமாரும் கட்டாயம் படிக்கணும்.

நாங்க கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் தொண்டு செய்றவங்க. பெரிய கோயில் இல்லை. உண்டியலில் விழுறது பெரும்பாலும் ஒரு வெள்ளி, அஞ்சு வெள்ளி நோட்டுதான். அதைப் போடுறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கின பாட்டிங்க, பேக்டரியில் ஷிப்ட் வேலை பாக்குற பொண்ணுங்க, ரிட்டயர் ஆகி ஈ.பி.எப். காசை எண்ணி எண்ணிச் செலவு பண்ற ஐயாமாருங்க.

போன ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் தண்ணி பம்பு எரிஞ்சு போச்சு. அன்னதானத்துக்கும், தரை கழுவுறதுக்கும், அபிஷேகத்துக்கும் அந்தத் தண்ணிதான். உடனே டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். கடைப் பேரைச் சொல்லப் போறதில்லை, ஏன்னு பின்னாடி சொல்றோம். 1 எச்.பி. பம்பு, 460 வெள்ளி. "புதுசுதானே?" "புதுசுதான் அண்ணே, நேத்துதான் ஸ்டாக் வந்துச்சு." ரொக்கமா கொடுத்தோம். பெட்டியைத் திறக்காமலே வேனில் ஏத்திட்டோம். அது எங்க முதல் தப்பு.

வேனில் ஏத்தும்போது, வேற உபயச் சாமானோடு கலந்துடக் கூடாதுன்னு எங்க தம்பி ஒருத்தர் பெட்டியின் அடிப்பக்கத்தில் நீல மார்க்கரால் கோயில் பேரின் முதல் எழுத்தைப் போட்டு, கீழே ஒரு சூலமும் வரைஞ்சார். இதை ஞாபகத்தில் வச்சுக்குங்க.

சாயங்காலம் மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். டப்புனு இ.எல்.சி.பி. விழுந்துச்சு. தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்துச்சு. மூணாவது தடவையும் விழுந்ததும் ஒருத்தர், "அண்ணே, இ.எல்.சி.பி.யைச் சுத்திவிட்டு நேரா வயர் இழுத்துடலாம், திருவிழா முடியட்டும்" என்றார். நல்ல வேளை, யாரும் கேக்கலை. ஈரத் தரையில் வெறுங்காலோடு சின்னப் பிள்ளைங்க ஓடுற இடம் அது. அந்தச் சுவிட்சு விழுதுன்னா கரண்டு எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். அதைத் தாண்டி இழுத்திருந்தா, பம்பு உடம்பைத் தொட்டவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

பெட்டியில் வந்ததையெல்லாம் தரையில் பரப்பிப் பாத்தோம். எங்களில் பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பாக்குறவங்க இருக்கோம். போல்ட்டு தலையைப் பாத்தாலே தெரியும். பெயிண்டு உரிஞ்சு ஸ்பேனர் பல்லு பதிஞ்சிருந்துச்சு. தண்ணி போற வாயின் நூலில் பழைய வெள்ளை டேப்பு துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாங்க சுத்தினது மஞ்சள் டேப்பு. உள்ளே விசிறியில் காய்ஞ்ச சேறு. பெட்டி மேல் படத்தில் இருக்கும் செக் வால்வு இல்லை, வாரண்டி கார்டும் இல்லை. பெட்டியில் பழைய டேப்பு மேலேயே புது டேப்பு ஒட்டியிருந்ததை அப்பதான் கவனிச்சோம். யாரோ வாங்கி, கிணத்திலோ மீன் குளத்திலோ மாட்டி, சரியில்லைன்னு திருப்பிக் கொடுத்த பம்பு அது. துடைச்சு, ஒட்டி, புது விலைக்குக் கோயிலுக்கு வித்துட்டாங்க.

மறுநாள் கடைக்குப் போனோம். முதலில், "அது டிஸ்பிளே பீஸா இருக்கும்" என்றாங்க. டிஸ்பிளே பீஸில் சேறு எப்படி வரும்? அப்புறம், "நீங்கதான் மாட்டிக் கெடுத்துட்டீங்க." கடைசியா பில்லைக் காட்டினாங்க. அடியில் சின்ன எழுத்தில் மலாயில் போட்டிருந்துச்சு: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.

சொந்தங்களே, அந்த ஒரு வரியைப் பாத்துத்தான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் திரும்பி வந்துடுறோம். அந்த வரி சட்டத்துக்கு மேலே இல்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதில் 10-ஆவது பிரிவு, புதுசு இல்லாததைப் புதுசுன்னு சொல்லி விக்கிறதைத் தடுக்குது. 32-ஆவது பிரிவு, பொருள் ஏத்துக்கக்கூடிய தரத்தில் இருக்கணும்னு சொல்லுது. 34-ஆவது பிரிவு, சொன்ன விவரப்படி இருக்கணும்னு சொல்லுது. பெட்டிப் படத்தில் வால்வு இருந்தா உள்ளேயும் வால்வு இருக்கணும். இதுக்கு மாறா யார் எந்த ஒப்பந்தம் எழுதினாலும் இந்த உரிமை போகாதுன்னு 6-ஆவது பிரிவு சொல்லுது. நமக்கு மனசு மாறி, "கலர் பிடிக்கலை, திருப்பிக்குங்க"ன்னு கேட்டா கடைக்காரர் முடியாதுன்னு சொல்லலாம். பழசையும் ஓட்டையையும் புதுசுன்னு தலையில் கட்டிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

மூணாவது தடவை போகும்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கான முதல் பாரத்தை நிரப்பிக் கையில் எடுத்துக்கிட்டுப் போனோம். பாரத்தைப் பாத்ததும் பேச்சே மாறிப் போச்சு. "ஏன் அண்ணே இதுக்கெல்லாம், நாம தெரிஞ்சவங்கதானே" என்று சொல்லி வேற பம்பு கொடுத்தாங்க. கடையிலேயே பிரிச்சு, மாட்டி ஓட்டிப் பாத்துட்டு எடுத்து வந்தோம். திருவிழா நல்லபடியா முடிஞ்சது.

இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

ரெண்டு வாரம் கழிச்சு பைப்பு வாங்க அதே கடைக்குப் போனோம். மேல் தட்டில் அதே மாடல் பம்பு பெட்டி. எங்க தம்பி அதைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினார். நீல மார்க்கர் எழுத்து. கீழே சூலம். மேலே புதுசா இன்னொரு டேப்பு.

ஒரு நிமிஷம் யாருக்கும் பேச்சு வரலை. நாங்க ஜெயிச்சுட்டோம்னு நெனச்சது எவ்வளவு பெரிய மடத்தனம்! எங்க பம்பை மாத்திக் கொடுத்தவங்க, அந்தக் கசியுற பம்பை அடுத்த ஆளுக்கு எடுத்து வச்சிருக்காங்க. அடுத்த ஆள் யாரு? பாரம் நிரப்பத் தெரியாத ஆள். வீட்டில் இ.எல்.சி.பி. ஒழுங்கா வேலை செய்யாத ஆள். பழைய லயத்து வீட்டில் ஒண்டியா இருக்கிற பாட்டி. படம் எடுத்துக்கிட்டோம். கே.பி.டி.என். அமைச்சில் புகார் கொடுத்தாச்சு. கடைப் பேரை இங்கே போடாததுக்கு அதுதான் காரணம். விசாரிக்கிறது அவங்க வேலை. பேஸ்புக்கில் கல்லெறியிறது நம்ம வேலை இல்லை.

பேக்டரியில் ரிஜெக்ட் ஆன சாமானுக்குச் சிவப்பு டேக் கட்டுவோம். சிவப்புத் தொட்டியில் போடுவோம். அது மறுபடி லைனுக்குள் வந்தா அன்னைக்குச் சூப்பர்வைசருக்கு வேலை போயிடும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகூட அந்த நியாயத்தைக் காப்பாத்துறார். தவுக்கேன்னு பெரிய நாற்காலியில் உக்காந்திருக்கிறவங்களுக்கு அது தெரியாதா? தெரியும். திரும்பி வந்த சாமானைச் சப்ளையர் ஏத்துக்க மாட்டார். நட்டத்தை யாராவது தாங்கணும். கடை தாங்காம, கேள்வி கேக்காத வாடிக்கையாளர் தலையில் ஏத்துறாங்க. ஒரு பெட்டியில் இருந்து பாகத்தைக் கழட்டி இன்னொருத்தர் வாரண்டிக்குக் கொடுக்கிறதும் இப்படித்தான். அதனாலதான் 13 பிட்டுன்னு படம் போட்ட டிரில் பெட்டியில் 11 இருக்கு. காத்தாடிப் பெட்டியில் ஸ்குரு இல்லை.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. இந்த வட்டாரத்திலேயே, "இது ஒருத்தர் திருப்பிக் கொடுத்தது, 100 வெள்ளி குறைச்சுத் தர்றேன்"னு முகத்துக்கு நேரா சொல்ற கடைக்காரரும் இருக்கார். பழசு விக்கிறது தப்பே இல்லை. பழசைப் பழசுன்னு சொல்லி, பழசு விலைக்கு வில்லுங்க. நாங்களே வாங்குவோம்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். கோபப்படாம கேளுங்க.

இந்த விஷயத்தில் கடைக்காரரைவிட எங்களை அதிகம் நோகடிச்சது நம்ம ஆளுங்க பேச்சுதான். "விடுங்கண்ணே, கோயில் காரியத்தில் சண்டை எதுக்கு?" "அந்த முதலாளி வருஷா வருஷம் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தர்றார், மனசு நோகக் கூடாது." 460 வெள்ளிக்குப் பழைய பம்பு கொடுத்துட்டு ஒரு மூட்டை அரிசி கொடுத்தா அது உபயமா? நம்ம காசிலேயே நமக்கு அரிசி போட்டு, பேரைப் பலகையில் எழுதிக்கிறது. உபயம் கொடுங்க, கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்குவோம். எங்க வாயை அடைக்க அது கட்டணம் ஆகக் கூடாது.

நம்ம சொந்தக் காசுன்னா மன்னிச்சு விடலாம். அது நம்ம பெருந்தன்மை. உண்டியல் காசை மன்னிச்சு விட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்த அஞ்சு வெள்ளியைப் போட்ட பாட்டியைக் கேட்டோமா? சிவன் சொத்து குல நாசம்னு மத்தவங்களுக்குச் சொல்றோம். வாங்கின சாமானைத் திறந்து பாக்காம, பில்லு கேக்காம அந்தச் சொத்தைக் கோட்டை விடுறதும் அதே கணக்கில்தான் வரும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். 1917-இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டில் முதன்முதலா வியாபாரத்துக்குச் செம்பனை நட்டாங்க. அந்தக் காலத்திலிருந்து நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கினவங்க. மூணு அஞ்சு நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதி வாங்குறவங்க, அரிசியில் கல் இருந்தாலும் கேக்க முடியாது. கேட்டா அடுத்த மாசம் கடன் கிடைக்காது. அவங்க பயந்ததில் நியாயம் இருந்துச்சு. நாம ரொக்கம் கொடுத்து வாங்குறோம். இன்னும் எதுக்குப் பயம்?

பக்கத்து ஊரைப் பாருங்க. 2014-இல் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு பேக்டரி தொழிலாளி, போன் வாங்கப் போய் ஏமாந்து, கடையில் முழங்கால் போட்டு அழுதார். அந்த வீடியோவைப் பாத்து ஊரே கொதிச்சுது. 2015-இல் அந்தக் கடை முதலாளிக்கு 33 மாசம் சிறை கிடைச்சது. அதே சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கு. வாங்கின ஆறு மாசத்துக்குள் கோளாறு தெரிஞ்சா, அது வாங்கும்போதே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேணும்னு நம்ம ஒய்.பி.மார்களைக் கேக்கணும். கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை போட்டுக்கிறாங்க இல்லையா, அப்பவே கேளுங்க.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது:

1. கடையிலேயே பெட்டியைத் திறங்க. படத்தில் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் எண்ணுங்க. பின்னாடி ஆள் காத்திருந்தா காத்திருக்கட்டும்.

2. போல்ட்டு, நூல், பிளக்கு முனை பாருங்க. கீறலும் அழுக்கும் பொய் சொல்லாது. மின்சாரச் சாமானில் சிரிம் லேபிள் இருக்கான்னு பாருங்க.

3. பில்லில் மாடல் நம்பரும் "பாரு" என்ற வார்த்தையும் எழுதச் சொல்லுங்க. புதுசுன்னு வாயால் சொன்னவருக்கு எழுத என்ன கஷ்டம்?

4. கோளாறுன்னா உடனே போட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. மாசக் கணக்கில் போட்டு வைக்காதீங்க.

5. கடை மறுத்தா தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம், கடைக்காரரும் வக்கீல் கொண்டு வர முடியாது. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். மூணு வருஷத்துக்குள் போகணும், அதனால் பில்லைப் பத்திரமா வைங்க. தீர்ப்பை மதிக்கலைன்னா அது குற்றம்.

6. பொருளை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடாதீங்க. பழைய பெட்டி மேல் பெரிய எழுத்தில் "ரோசாக்" என்று எழுதிட்டு வாங்க. அமைச்சுக்கும் ஒரு புகார் போடுங்க. நாங்க இதைச் செய்யாம விட்டதால்தான் அந்தப் பெட்டி மறுபடி தட்டுக்கு ஏறுச்சு.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். 100 வெள்ளிக்கு மேல் வாங்குற எந்தச் சாமானும் ரெண்டு பேர் முன்னிலையில் திறந்து பாத்த பிறகுதான் காசு. பில்லு கோயில் பேரில் இருக்கட்டும், நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்க. எங்க கோயிலில் ஆரம்பிச்சாச்சு. பிள்ளையார் சன்னதி பக்கம் வந்தா பாக்கலாம்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும் இருக்கிற சொந்தங்களே, இதைப் பகிருங்க. முக்கியமா பேஸ்புக் இல்லாத பெரியவங்களுக்கு வாயால் சொல்லுங்க. அடுத்த டேப்பு ஒட்டின பெட்டி அவங்க வீட்டுக்குத்தான் போகும்.

எழுத்தில் பிழை இருந்தா மன்னிக்கணும். விஷயத்தில் பிழை இருந்தா தயங்காம சொல்லுங்க, திருத்திக்கிறோம்.

மாரியம்மா எல்லாரையும் காப்பாத்தணும்.