மானேஜருக்கு இரண்டு சம்பளமா?

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம். நெவாடா மாநிலத்தில் இருக்கிறது. சூதாட்டத்துக்குப் பேர் போன ஊர். அந்த ஊரில் சூதாடாமலே பணத்தைப் பறிகொடுத்தன, பல நூறு குடும்பங்கள். எப்படி?

அங்கே அடுக்கு வீடு வாங்குகிறவர் எல்லாரும் வீட்டுக்காரர் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடுகிறார்கள். வீடு அவரவருக்குச் சொந்தம். கூரை, மாடிப்படி, தோட்டம் எல்லாம் பொது. இவற்றைப் பராமரிக்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் இருந்தால் வீடே ஏலத்துக்கு வந்தாலும் வரும்.

சங்கத்துக்கு ஒரு கமிட்டி உண்டு. கமிட்டிக்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள். குழாய் உடைந்தால் ஆள் தேட அவர்களுக்கு ஏது நேரம்? ஆகவே, ஒரு மானேஜரை வைக்கிறார்கள். ஆள் பிடிப்பது, விலை கேட்பது, பில் கொடுப்பது எல்லாம் அவர் கையில்.

ஆபத்தும் அங்கேதான். சுவருக்கு வர்ணம் அடிக்க வரும் காண்டிராக்டர், மானேஜருடைய மைத்துனராக இருந்தால்? "வேலையை எனக்குக் கொடுங்கள். நூற்றுக்குப் பத்து உங்களுக்கு" என்று காதோடு சொன்னால்? அப்புறம் அந்த மானேஜர் பேரம் பேசுவாரா? விலை ஏற ஏற அவருக்கு லாபம். வீட்டுக்காரருக்கு நட்டம். அவருக்குச் சம்பளம் கொடுப்பதோ, அந்த வீட்டுக்காரர்தான்!

கள்ள ஓட்டு

லாஸ் வேகாசில் 2003 முதல் 2009 வரை நடந்தது இதைவிட மோசம். லியான் பென்சர் என்ற காண்டிராக்டரும் கூட்டாளிகளும், பேருக்குச் சிலரை வீடு வாங்க வைத்தார்கள். அந்த ஆட்கள் கமிட்டித் தேர்தலில் நின்றார்கள். ஜெயிக்க வேண்டுமே! வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பேரில் கள்ள ஓட்டுச் சீட்டு தயார் ஆனது. சந்தேகம் வராமல் இருக்க, அந்தச் சீட்டுகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போய், அங்கே இருந்து தபாலில் போட்டார்கள். என்ன துணிச்சல்!

சில தேர்தல்களுக்கு "நடுநிலை" வக்கீல் வேறு வந்தார். அவரும் காசு வாங்கியவர்.

கமிட்டி கைக்கு வந்தது. மானேஜர் யார், வக்கீல் யார், காண்டிராக்டர் யார் என்று சதிக்காரர்களே முடிவு செய்தார்கள். மானேஜர் தப்பு செய்தால் கமிட்டி கேட்கும் என்பது ஏற்பாடு. இங்கே இரண்டையும் வைத்தது ஒரே கை. யார், யாரைக் கேட்பது?

40 பேருக்கு மேல் குற்றவாளி என்று முடிவாயிற்று. 2015-ல் பென்சருக்கு 15 ஆண்டு 8 மாதம் சிறை.

நெவாடா சட்டம் இப்போது கண்டிப்பாக இருக்கிறது. மானேஜரின் முடிவை மாற்றக்கூடிய எந்தப் பரிசும் அவர் வாங்கக் கூடாது. சாதாரண மனிதர் கண்ணுக்கு அப்படித் தோன்றினாலே தப்பு. நல்ல சட்டம்.

புளோரிடா மாநிலம் 2024-ல் கொண்டு வந்த சட்டம் வேறு மாதிரி. மானேஜர் தனக்கு வேண்டிய கம்பெனிக்கு வேலை கொடுக்க நினைத்தால், அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். மற்றவர்களிடமும் விலை கேட்க வேண்டும். இது பாதிக் கிணறு. மைத்துனர் மைத்துனர்தானே! சொல்லிவிட்டால் உறவு விட்டுப் போகுமா? மேலும், மற்ற விலைகளைக் கேட்டு வாங்கப் போவதும் பெரும்பாலும் அதே மானேஜர். நெவாடா வழியே மேல்.

ஆனால், லாஸ் வேகாசில் கள்ள ஓட்டு யார் பேரில் விழுந்தது? ஊரில் இல்லாதவர் பேரில். எங்கேயோ இருந்துகொண்டு, மாதப் பணத்தை மட்டும் அனுப்பிக்கொண்டு இருந்தவர் பேரில். அவருக்கு எந்தச் சட்டம் காவல் இருக்கும்?

இப்போது நெவாடாவில் கமிட்டித் தேர்தல் சீட்டுகளைச் சங்கக் கூட்டத்தில்தான் பிரித்து எண்ண வேண்டும். வீட்டுக்காரர் யாரும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் மானேஜரைக் கூப்பிட்டு, "வர்ணம் அடிக்க வந்தாரே, அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டும் வரலாம்.