அந்த நாலு ரூபாய் எங்கே?

சாக்கடை அடைத்துக்கொண்டால் அதிகாரிக்குச் சேரிக்கு வழி தெரியும். விடியும் முன்பே கதவைத் தட்டுவார்கள். பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாதென்று 2013இல் சட்டம் வந்த பிறகும் அந்த வழி மறக்கவில்லை. அதே அதிகாரிக்கு நூறு மேசை, இருநூறு நாற்காலி வாங்கும்போது மட்டும் சேரி எந்தத் திசை என்றே தெரியாது. கேட்டால், "உங்காளுங்க யாரும் டெண்டர் போடறதில்லையேப்பா" என்கிறார்கள். இரும்புப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சட்டத்தைப் பார்ப்போம். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் நூறு ரூபாய்ச் சரக்கில் 20 ரூபாய்க்குக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கணும். 2018இல் அது 25 ரூபாய் ஆனது. அதற்குள் 4 ரூபாய் தலித், பழங்குடி முதலாளிகளுக்கு. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆனால் முதல் பல ஆண்டுகளில் நமக்குக் கிடைத்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

ஏன்? அந்த ஆணையிலேயே ஓட்டை இருக்கிறது. நம்ம ஆட்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது விலைக்கு ஒத்துவராவிட்டால், அந்த 4 ரூபாயையும் மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாமாம். அதாவது நமக்குச் சேதி எட்டாமல் போனால் அவர்களுக்கு நட்டமே இல்லை. அப்புறம் எவன் நமக்குச் சொல்லி அனுப்புவான்?

டெண்டர் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். ஊர்க்கிணறும் பொது என்றுதான் சொன்னார்கள். எந்தத் துறை எப்போது எதை வாங்கப்போகிறது என்ற சேதி, பத்திரிகையில் வருவதற்கு முன்பே மச்சான், மாமன் வழியாக ஊர்த்தெருவுக்குள் போய்விடுகிறது. நமக்கு அலுவலகத்தில் மாமன் இல்லை. "முன் அனுபவம் காட்டு" என்கிறார்கள். முதல் வேலையே கொடுக்காதவன் அனுபவம் கேட்கிறான்!

நம்ம பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு துறையும் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பதும் அதே ஆணைதான். அதைக் கேட்டு வாங்குங்கள். உத்யம் பதிவு செய்யுங்கள். பதிவு இருந்தால் டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கிடையாது. கூட்டுத்தொழில் என்றால் 51 சதவீதப் பங்கு நம்முடையதாக இருக்கணும். பேரு நமக்கு, பணம் அவனுக்கு என்கிற பினாமி வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கர்நாடகம் 2017இல் 50 லட்சம் வரையிலான அரசு வேலைகளில் 24.1 சதவீதத்தை நமக்கு ஒதுக்கிச் சட்டம் போட்டது. 2023இல் வரம்பை ஒரு கோடியாக்கியது. ஒரு மாநிலத்தால் முடியும் என்றால் எல்லா மாநிலங்களாலும் முடியும்.

கேட்பது பிச்சையில்லை. அந்த ஓட்டையை அடை. மிஞ்சுகிற நாலு ரூபாயை அடுத்த ஆண்டு நம்ம கணக்கிலேயே சேர். டெண்டர் சேதியைத் தமிழில் எழுதிச் சேரியில் ஒட்டு. சாக்கடைக்கு ஆள் தேடி வந்த அதே வழிதான். புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.