கதிர்வீச்சுக்குக் கணக்கு உண்டு, வெக்கைக்கு?

ஒட்டன்சத்திரத்தில் ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகள் பலர் ஊரில் தங்குவதில்லை. காய்கறி மார்க்கெட்டில் தன்னைப்போல மூட்டை தூக்கக் கூடாது என்றுதான் அப்பன்மார் அவர்களைப் படிக்க வைத்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் மேஸ்திரியிடமிருந்து போன் வருகிறது. "ஷட்டவுன் வேலை, நாப்பது நாள், தங்க எடம் உண்டு." பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் அப்படிப் போய் ஒன்பதாம் நாளே திரும்பி வந்தார். அது அணு உலை அல்ல, வேறொரு பெரிய ஆலை. கொதிகலன் குழாய்களைச் சுற்றியிருந்த காப்புறையைப் பிரிக்கும் வேலை. மூன்றாம் நாள் தலை சுற்றி, வாந்தி எடுத்து, சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். "சாப்பிடாம வந்திருப்பான்" என்றார் காண்ட்ராக்டர். வெக்கை என்ற சொல்லே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இதே பிள்ளைகள் நாளை கல்பாக்கத்துக்கோ கூடங்குளத்துக்கோ பராமரிப்பு வேலைக்குப் போகலாம். அதனால் அணு உலைக்குள் வெப்பம் என்ன செய்யும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். கதிர்வீச்சுத் துகள் படிந்த இடத்தில் வேலை செய்பவர் இரட்டை உடை, கையுறை, முகமூடி போடுகிறார். சில இடங்களில் முழு பிளாஸ்டிக் உடை. உள்ளே வேர்வை ஊற்றும், ஆனால் ஆவியாக வழியில்லை. உலையை நிறுத்திய பிறகும் குழாய்களில் சூடு இருக்கும். அந்தப் பகுதிக்குள் தண்ணீர் குடிக்கவும் அனுமதி இல்லை, ஏனென்றால் துகள் வாய்க்குள் போய்விடும். வெளியே வர வேண்டுமென்றால் உடை களைந்து, கருவியில் சோதித்து, பிறகுதான் வர முடியும். அதனால் சிறுநீருக்குப் பயந்து முன்கூட்டியே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் அது வெப்பத்தாக்கு. மூளை தடுமாறும், உயிரும் போகலாம்.

மேலே இருப்பவர்களுக்கு அவசரம். 1000 மெகாவாட் உலை ஒரு நாள் நின்றால் 2.4 கோடி யூனிட் மின்சாரம் போச்சு. அந்த அவசரம் மேலிருந்து கீழே இறங்கி, சப் காண்ட்ராக்டைத் தாண்டி, கடைசியில் நம் தம்பியின் முதுகில் வந்து உட்காருகிறது.

2014 மே 14 அன்று கூடங்குளம் முதல் உலையில் பராமரிப்பு வேலையின்போது சுடுநீர் பட்டு ஆறு பேர் காயமடைந்தார்கள். அவர்களில் மூவர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தீக்காயம் கண்ணுக்குத் தெரியும், அதனால் செய்தி ஆனது. உடலுக்குள் ஏறும் சூடு செய்தி ஆவதில்லை.

"அணு உலைக்குள் சாதி எங்கே வந்தது?" என்று நம்மிடம் கேட்பார்கள். நிரந்தர வேலைக்குத் தேர்வு, ஆங்கிலம், நேர்காணல் வேண்டும். ஒப்பந்த வேலைக்கு மேஸ்திரி போதும். மேஸ்திரி எந்தத் தெருவுக்கு வருகிறார் என்று பார்த்தால் சாதி தெரிந்துவிடும். கழுவுவது, சுமப்பது, கழிவை அள்ளுவது என்று வேலைகள் யாருக்கு ஒதுங்குகின்றன என்று பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013இன் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் காண்ட்ராக்டர் இறக்குகிறார். இரண்டு இடத்திலும் சங்கிலி ஒன்றுதான்.

நாம் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு: "உங்க ஆளுங்க வெயிலுக்குப் பழகினவங்க." பாராட்டுப்போல இருக்கும், ஆனால் அதற்குள் சாதி இருக்கிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், யாருக்கும். சில வாரம் விலகியிருந்தால் பழக்கம் போய்விடும். பழகிய உடம்பு செய்வது அதிகம் வேர்ப்பதுதான். பிளாஸ்டிக் உடைக்குள் அதனால் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், புதிய தொழிலாளருக்கு முதல் நாள் 20 சதவீத வெப்ப வேலை மட்டும் கொடுத்து, தினமும் 20 சதவீதம் கூட்டச் சொல்கிறது. ஷட்டவுன் தொழிலாளி எந்த ஆலைக்குப் போனாலும் புதியவர்தான். முதல் நாளே அவரிடம் முழு வேலை வாங்கப்படுகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஃபுகுஷிமாவில் விபத்துக்குப் பிறகு டெப்கோ நிறுவனம் ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் 2 முதல் 5 வரை வெளிவேலையை நிறுத்தியது. பனிக்கட்டி வைத்த குளிர் அங்கிகளும் கொடுத்தது. கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. ஒட்டன்சத்திரத்துத் தக்காளியும் முருங்கையும் அந்த எல்லையைத் தாண்டிப் போகின்றன. அந்த உத்தரவு மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லதுதான். ஆனால் நாம் கேட்பது சாகாமல் இருக்க ஓய்வு.

அணு உலையில் ஒவ்வொருவர் சட்டையிலும் கதிர்வீச்சை அளக்கும் பட்டை இருக்கிறது, ஆளுக்கு ஆள் கணக்கு இருக்கிறது. வெப்பத்துக்கும் அப்படியே கணக்கு வேண்டும். வேலை இடத்தின் வெப்பமும் ஈரப்பதமும் ஒவ்வொரு ஷிப்டிலும் அளக்கப்பட வேண்டும். எத்தனை நிமிடம் உள்ளே, எத்தனை நிமிடம் வெளியே என்று எழுதி ஒட்ட வேண்டும். ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும். கூலி இல்லாத ஓய்வை எந்தத் தினக்கூலியும் எடுக்க மாட்டார். மயங்கியவர் பெயர் முதன்மை நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும், காண்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டில் அல்ல.

1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர், ஆலை வேலையை வாரம் 48 மணி நேரமாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. வெப்பத்துக்கும் வரம்பு உண்டு என்று ஏற்க வைப்பது நம் தலைமுறையின் வேலை.

மாணவத் தோழர்களே, இரண்டு வேலை இப்போதே தொடங்கலாம். உங்கள் தெருவில் ஷட்டவுன் வேலைக்குப் போய் வந்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனை மணி நேரம், என்ன உடை, எப்போது தண்ணீர், யார் மயங்கினார். தேதியோடு எழுதி வையுங்கள், பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். பிறகு, அணுமின் கழகமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. பராமரிப்புக் காலங்களில் வெப்பத்தால் முதலுதவி பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்று மனுப் போடுங்கள். பதில் வந்தால் கையில் ஆதாரம். கணக்கே இல்லை என்று வந்தால், அதுவும் ஆதாரம்தான்.