சாவாமையின் விலை

குருதி குடிக்கும் பேய்ப்படத்தில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என வினவுவோர் உளர். 1983ஆம் ஆண்டு டோனி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த ‘தி ஹங்கர்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் காணாதார் எழுப்பும் வினா அது. கண்டவரிலும் பலர் அதன் ஆடையழகையும் புகைமூட்டத்தையும் இசையையுமே புகழ்ந்தனர். இரு சாராரும் கதையின் உட்பொருளைத் தவறவிட்டனர்.

கேத்தரின் தெனோவ் ஏற்ற மிரியம் என்பாள் முதுமை அறியாதவள். தான் விரும்பியவர்க்கு முடிவிலா வாழ்வு தருவதாக வாக்களிக்கின்றாள். அவ்வாக்கில் பாதியே மெய். டேவிட் போவி ஏற்ற ஜான் நெடுங்காலம் இளமையோடிருந்து, பின் மருத்துவமனையில் காத்திருக்கும் சில மணி நேரத்திற்குள் கிழவனாகின்றான். உடல் சிதைகின்றது, உயிரோ பிரியவில்லை. மேல்மாடத்துப் பெட்டிக்குள் அவனைக் கிடத்துகின்றாள் மிரியம். முன்னைக் காதலரும் ஆங்கே அவ்வாறே கிடக்கின்றனர். பயன் தீர்ந்தவர்க்குப் பெட்டி. அவளுக்குப் புதிய துணை!

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இக்கதை அயலானதா? சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் ஒரு நபர். பங்குதாரர் மாண்டாலும் அது மாளாது. இரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும். அவ்விடத்தில் மறுநடவு நிகழும். ரந்தாவிலும் சிலியாவிலும் பகாவிலும் மரம் சீவிய கைகளுக்கு என்ன கிடைத்தது? கங்காணியின் இனிய சொல்லை நம்பிக் கப்பலேறியோர்க்கு லயத்து வீடு வேலை உள்ளவரையே வீடு. ஒரு வேறுபாடு உண்டு: ஜான் பிறர் குருதியைக் குடித்து வாழ்ந்தான், தொழிலாளி தன் குருதியைக் கொடுத்து மாய்ந்தான்.

தமிழ் மரபு சாவாமையைப் பழிக்கவில்லை. அதனைத் தனித்து உண்பதையே பழித்தது. விருந்தினர் வெளியே நிற்க, உள்ளிருந்து உண்பது அமிழ்தேயாயினும் தகாது என்பது 82ஆம் குறளின் கருத்து. புறநானூற்றின் 182ஆம் பாடலும் இந்திரனின் அமிழ்தத்தைத் தனியே உண்ணாத சான்றோரைப் போற்றுகின்றது.

அப்படம் மாணவர்க்குக் காட்டத் தக்கதன்று; ஆசிரியர் அறியத் தக்கது. ‘சாவா மருந்து’ என்பதற்குப் பொருள் எழுதச் செய்து மதிப்பெண் இடுவதோடு பாடம் முடிந்துவிடுமா? அம்மருந்தை உண்டவர் யார், வெளியே நின்றவர் யார் என வினவ மாணவர் பழக வேண்டும். தோட்டத்தை விட்டு நகரத்திற்குப் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை அதற்கு விடை தேடி நூலகம் செல்ல வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டாலே போதும்.