சவரக் கடைப் பெஞ்சும் நமது பஞ்சாங்கமும்

நமது மக்கள் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவதில்லை. கோபப்படக் கூடாத இடத்தில் மாத்திரம் மகா வீரர்களாய் விளங்குகின்றார்கள். இதற்கு ருஜு வேண்டுமானால், எந்த ஊரிலாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிதிருத்தும் கடைக்குச் சென்று சிறிது நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

சில வாரங்களுக்கு முன் நாமும் அப்படி உட்கார்ந்திருந்தோம். நாற்காலிகள் இரண்டு, வேலை செய்பவர்கள் இருவர், நமக்கு முன்னால் பெஞ்சில் பதினோரு பேர். தலைக்கு அரை மணி என்று வைத்துக் கொண்டால் நமது முறை வருவதற்கு மூன்று மணி நேரம். அவ்வளவும் ஆயிற்று. இதற்கிடையில், நல்ல படிப்பும் உத்தியோகமும் உடையவராகக் காணப்பட்ட ஒரு கனவான், வேலை முடிந்து எழுந்து, எவ்வளவு என்று கேட்டார். “நூற்றைம்பது ரூபாய், அய்யா” என்றார் வேலை செய்தவர். உடனே அந்தக் கனவானுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! “இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு நூற்றைம்பதா? எங்கள் கிராமத்தில் உன் பாட்டன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். கூப்பிட்ட நேரத்துக்கு வருவான். வருஷத்துக்கு ஒருதரம் கொடுக்கிற நெல்லை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவான்” என்று சொல்லி, கடைசியில் ஜாதிப் பெயரையும் சேர்த்துக் கொண்டார். அந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. துணியை உதறிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவராவது வாயைத் திறக்கவில்லை. திறக்காதவர்களில் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்ளுகின்றோம். அன்று பேசாததை இன்றாவது எழுதுவது நமது கடமை என்று கருதியே இதை எழுதத் துணிந்தோம்.

தோழர்களே! அந்தக் கனவானின் புகார் இரண்டு. ஒன்று, அதிக நேரம் காக்க வேண்டியிருக்கின்றது என்பது; மற்றொன்று, அதிகப் பணம் கேட்கின்றார்கள் என்பது. இரண்டும் பொதுவாக எல்லோராலும் சொல்லப்படுவதுதான். ஆதலால் இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, காத்திருப்பது. ஒரு வாரத்துக்கு ஏழு நாள். இவற்றில் செவ்வாய்க்கிழமை தலையில் கத்தி படக் கூடாது. வெள்ளிக்கிழமை லட்சுமி போய்விடுவாள். சனிக்கிழமை ஆகாது. சிலருக்குத் திங்கட்கிழமை விரதம், சிலருக்கு வியாழக்கிழமை குரு வாரம். இவை போக அமாவாசை, கிருத்திகை, பிறந்த நட்சத்திரம் ஆகியவை வேறு. விளக்கு வைத்த பிறகு வெட்டினால் வீட்டுக்குத் தரித்திரம். மனைவி கர்ப்பமாயிருந்தால் புருஷன் முடி வெட்டிக் கொள்ளக் கூடாது என்று ஒரு தடை. இவ்வளவையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்தான்; புதன்கிழமை வேலை நாளாதலால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான். ஊரில் உள்ள தலைகள் எல்லாம் அந்த ஒரு காலை வேளையில் வந்து விழுந்தால், இரண்டு கைகளை மாத்திரம் உடைய ஒரு மனிதன் என்ன செய்வான்?

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை செய்தால், தலைக்கு அரை மணி வீதம் இருபது பேருக்கு வெட்டலாம். அந்த இருபது பேர் நாள் முழுவதும் ஒருவர்பின் ஒருவராக வந்தால் ஒருவரும் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. அதே கடையில் காலை எட்டு மணிக்குப் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வந்து நின்றால் பத்தாவது ஆள் நாலரை மணி நேரம் காக்க வேண்டும். கடைக்காரர் அவர்தான், கத்தரிக்கோலும் அதுதான், கை வேகமும் அதுவேதான். வித்தியாசமெல்லாம் வந்தவர்கள் வந்த நேரத்தில்தான் இருக்கின்றது. பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை கடையையே மூடிவிடுகின்றார்கள். வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அவசியம் வேண்டியதுதான். ஆனால் எல்லாக் கடைகளுக்கும் அந்த ஓய்வு செவ்வாய்க்கிழமையாகவே அமைந்ததற்குக் காரணம், அன்று வருகின்ற ஆள் இல்லை என்பதல்லாமல் வேறென்ன? முடியானது உயிரற்ற பொருள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கின்றது. அது செவ்வாய்க்கிழமையிலும் வளர்கின்றது, அமாவாசையிலும் வளர்கின்றது. அதற்குத் தெரியாத ராகு காலம் அதைச் சுமக்கின்ற தலைக்கு மாத்திரம் எப்படித் தெரிந்தது என்று கேட்கின்றோம்.

இது நிற்க, காத்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதுதான் இதைவிட வெட்கக்கேடானது. இந்தத் தொழிலுக்கு ஆள் குறைந்து வருகின்றது. ஏன் குறைகின்றது? அந்த இளைஞர் அன்று கேட்ட வார்த்தையைத் தன் மகனும் கேட்க வேண்டும் என்று எந்தத் தகப்பன் விரும்புவான்? ஆகவே இச்சமூகத்தார் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து வேறு வேலைக்கு அனுப்புகின்றார்கள். அது மிகவும் சரி என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் காலியான இடத்துக்கு மற்ற ஜாதிக்காரர்கள் வருகின்றார்களா? நகரத்தில் “பார்லர்” என்று பெயர் வைத்து, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்தால், எல்லா ஜாதியாரும் முதலாளியாக வரச் சம்மதிக்கின்றார்கள். கத்தரிக்கோலைப் பிடிக்கச் சொன்னால் மாத்திரம் குலப்பெருமை குறுக்கே வந்து நிற்கின்றது. கிராமத்திலோ, வேறு ஜாதிப் பையன் இத்தொழிலைக் கற்றுக் கொண்டான் என்றால் அவனுக்குப் பெண் கொடுப்பார்களா? தொழிலை ஒரு ஜாதியின் தலையில் கட்டி, அந்த ஜாதியையும் இழிவு செய்து, இழிவு தாங்காமல் அவர்கள் விலகினவுடன், “ஐயோ, ஆள் கிடைக்கவில்லையே, காக்க வேண்டியிருக்கின்றதே” என்று அழுதால் அந்த அழுகைக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

இனி விலையைப் பற்றிப் பார்ப்போம். அந்தக் கனவான் பாட்டன் காலத்தை நினைத்து ஏங்கினார். அந்தக் காலத்து ஏற்பாடு என்ன? அறுவடையின்போது களத்துமேட்டில் கொஞ்சம் தானியம். அதற்காக வருஷம் முழுவதும் வீட்டில் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் சவரம். கல்யாணம் என்றால் அதற்கான வேலை; சாவு என்றால் சங்கு ஊத வேண்டும், சேதி சொல்லப் போக வேண்டும். விருந்து என்றால் எல்லோரும் உண்டு மிஞ்சியது கிடைக்கும். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. இது மலிவு விலை அல்ல, தோழர்களே! இது கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்குச் சம்பிரதாயம் என்று பெயரிட்டதாகும். இன்றைக்கு அந்த மனிதன் சொந்தக் கடை வைத்து, விலை சொல்லி, பணத்தை நிமிர்ந்து நின்று வாங்குகின்றான். நமக்கு உறுத்துவது நூற்றைம்பது ரூபாயா, அல்லது அவன் நிமிர்ந்து நிற்பதா என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

அந்தப் பணம் எங்கே போகின்றது என்பதையும் பார்க்கலாமே. கடை வாடகை, முன்பணம், மின்சாரம், துணி வெளுப்பு, சோப்பு, ஆளுக்கொரு புது பிளேடு, உதவியாளருக்குக் கூலி. அமெரிக்காவில் கில்லெட் என்பவர் 1903-ல் விற்கத் தொடங்கிய பாதுகாப்பு ரேசர் உலகம் முழுவதும் பரவினபின், தினந்தோறும் சவரத்துக்கு வந்து கொண்டிருந்தவர்கள் வீட்டிலேயே செய்து கொள்ளுகின்றார்கள். முன்பு பல சவரங்களால் வந்த வருமானம் இன்று ஒரு முடிவெட்டினால் வரவேண்டியிருக்கின்றது. அப்படியிருக்க, அரை மணி நேரம் நின்றபடி செய்கின்ற வேலைக்கு நூற்றைம்பது ரூபாய் அதிகம் என்பவர்கள், பத்து நிமிஷம் தமக்கே அர்த்தம் தெரியாத மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் போகின்ற புரோகிதருக்கு ஆயிரக்கணக்கில் தட்சணை கொடுத்துக் காலிலும் விழுவானேன்? அவரிடத்தில் எவராவது விலைப் பட்டியல் கேட்டதுண்டா?

காத்திருப்பதிலும் இதே கதைதான். திருப்பதி மலைக்குப் போய், இரவெல்லாம் கண் விழித்து, வரிசையில் நின்று மொட்டை அடித்துக் கொள்ளுகின்றவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அங்கே ஒருவரும் “நேரம் ஆகின்றதே” என்று முணுமுணுப்பதில்லை. அந்த முடியோ ஏலம் போட்டு விற்கப்பட்டு, டோப்பா செய்ய வெளிநாடுகளுக்குப் போகின்றது. ஒரே ஆண்டில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்த ஆண்டுகளும் உண்டு. முடி கொடுத்தவனுக்குப் புண்ணியம், பணம் தேவஸ்தானத்துக்கு. நமது மாகாணத்துக் கோயில்களிலோ, மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கி, அந்த வேலை செய்பவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசாங்கம் ஏற்பாடு செய்ததே 2021-ஆம் ஆண்டில்தான். அதுவரையில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று எந்தப் பக்தராவது விசாரித்ததுண்டா?

இதனால் கடைக்காரர்களிடம் குற்றமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. விலைப் பலகை வைக்காமல், வேலை முடிந்தபின் ஆளுக்கொரு விலை சொல்வது தவறு. முடி வெட்ட வந்தவரிடம் முகப்பூச்சையும் எண்ணெய்த் தேய்ப்பையும் வற்புறுத்தித் தலையில் கட்டுவது தவறு. பெஞ்சில் பத்துப் பேர் இருக்கும்போது ஊர்ப் பெரிய மனிதரின் பிள்ளை வந்தால் அவனை முதலில் உட்கார வைப்பது மிகப் பெரிய தவறு. பெரிய கம்பெனிக் கடைகள் வாங்குகின்ற ஐந்நூறிலும் ஆயிரத்திலும் கத்தரிக்கோல் பிடித்தவனுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இந்தச் சேவைக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே, அது பில்லில் தெரிகின்றதா என்றும் கேட்க வேண்டும். இவையெல்லாம் நியாயமான கேள்விகள். கேட்பவர் மரியாதையாய்க் கேட்டால் பதில் சொல்லக் கடைக்காரர் கடமைப்பட்டவர். ஆனால் நியாயமான கேள்விக்கு ஜாதிப் பெயர் எதற்கு?

தோழர்களே! எல்லோரையும்விட அதிக நேரம் காத்திருப்பவர்கள் யார் என்பதை இன்னும் சொல்லவில்லை. நாம் மூன்று மணி நேரம் காத்ததற்கு இவ்வளவு எழுதுகின்றோம். சொந்தக் கிராமத்துக் கடையின் நாற்காலியில் உட்கார முடியாமல், பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய் முடி வெட்டிக் கொண்டு வருகின்ற ஆதித்திராவிடத் தோழர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொண்டிருக்கின்றார்கள். 1948 நவம்பர் 29-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், “கடை” என்ற சொல்லுக்கு, தேடி வருகின்றவர் எவருக்கும் தன் சேவையைக் கொடுக்கத் தயாராயிருக்கும் இடம் என்ற விரிந்த பொருளையே கொள்ள வேண்டும் என்று விளக்கினார். 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதை மீறுவோருக்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் “உங்களுக்கு வெட்டினால் மற்றவர்கள் வர மாட்டார்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்புகின்ற கடைகள் பற்றிய புகார்கள் இன்றும் வந்து கொண்டுதானிருக்கின்றன. தானே இழிவு செய்யப்பட்ட ஒருவர், தனக்கும் கீழே ஒருவரைத் தேடி இழிவு செய்வது எவ்வளவு கேவலம்! ஆனால் அவரை அப்படிச் செய்யும்படி மிரட்டுகின்ற, “மற்றவர்கள்” எனப்பட்ட அந்த மேல்ஜாதி வாடிக்கைக்காரர்கள்தான் முதல் குற்றவாளிகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நமது கிராமங்களில் நாவிதருக்குக் “குடிமகன்” என்று ஒரு பெயர் உண்டு. ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன் என்பது அதன் பொருள். இன்றைக்கு அரசியல் சட்டத்தைத் தமிழில் எழுதும்போது நாட்டின் உரிமையுள்ள மனிதன் ஒவ்வொருவனுக்கும் அதே பெயரைத்தான் எழுதுகின்றோம். ஆகவே அந்தக் கடையில் கத்தரிக்கோல் பிடிப்பவரும் குடிமகன், நாற்காலியில் உட்காருபவரும் குடிமகன், பெஞ்சில் காத்திருப்பவரும் குடிமகன், வாசலோடு திருப்பி அனுப்பப்படுகின்றவரும் குடிமகன். இதை ஒப்புக் கொள்ளாதவன் எவ்வளவு அழகாய் முடி வெட்டிக் கொண்டாலும் தலைக்கு உள்ளே இருப்பதைத் திருத்த முடியாது.

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். காக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் போய் முடி வெட்டிக் கொள்ளுங்கள். பத்துப் பேர் வருவதாகச் சொன்னால் செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கவும் வேறொரு நாளில் ஓய்வு எடுத்துக் கொள்ளவும் கடைக்காரருக்கு என்ன கஷ்டம்? கைப்பேசி எல்லோரிடமும் இருக்கின்றது. முன்னாடியே நேரம் கேட்டுக் கொண்டு போங்கள். விலைப் பலகையும் வரிசைச் சீட்டும் வைக்கச் சொல்லுங்கள். சொன்ன விலையை மரியாதையாய்க் கொடுங்கள். எவரையாவது ஜாதி காரணமாகத் திருப்பி அனுப்புகின்ற கடையில் நீங்களும் உட்காராதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் ஜாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், அன்று நாம் இருந்ததுபோல் வாய்மூடி இருக்காதீர்கள்.

அடுத்த முறை நாம் செவ்வாய்க்கிழமையில் போவதாக முடிவு செய்திருக்கின்றோம். கூட வர விரும்புகின்ற தோழர்கள் வரலாம். பெஞ்சு காலியாகவே இருக்கும்.