அந்த 'எச்' யாருங்க?

"பிபி மாத்திரைக்கும் தோலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

எங்க அம்மாவுக்கு கையிலயும் முதுகுலயும் வட்ட வட்டமா சிவந்து செதில் உதிர்ந்தப்போ, ஒரு டாக்டர் என்கிட்ட கேட்ட கேள்வி இது. படர்தாமரைன்னு முடிவு கட்டி களிம்பு எழுதிக் கொடுத்துட்டார். ஏழு மாசம், மூணு களிம்பு. வெயில்ல போயிட்டு வந்தா இன்னும் மோசம். படர்தாமரைக்கு வெயில்மேல என்ன கோபம்னு யாருக்கும் தோணலை. எனக்கும்தான்.

நாலாவதா பார்த்த தோல் டாக்டர்தான், "மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க"ன்னார். பேருக்குப் பின்னாடி ஒத்தை எழுத்து, 'எச்'. விரிச்சா ஹைட்ரோகுளோரோதயசைடு. உப்பையும் நீரையும் வெளியேத்தி பிரஷரைக் குறைக்கிற சமாச்சாரம். அபூர்வமா சிலருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியை சொந்தத் தோல் மேலயே திருப்பி விட்டுடும். லூபஸ்ல, பெரும்பாலும் தோலோட நின்னுடற வகை. ரத்தத்துல ஆன்டி-ரோ பாசிட்டிவ். வேற மாத்திரை எழுதினார். ரெண்டு மாசத்துல தோல் பழையபடி ஆயிடுச்சு.

இது நேத்து கண்டுபிடிச்ச ரகசியமா? ஹைட்ரலசின்ங்கிற பிபி மருந்து லூபஸைக் கிளப்பும்னு 1950-கள்லயே தெரியும். தயசைடு விவகாரம் 1985-லயே மருத்துவ இதழ்ல வந்தாச்சு. பீட்டா பிளாக்கர் சிலருக்கு சோரியாசிஸைக் கூட்டும். கேப்டோப்ரில் அபூர்வமா பெம்ஃபிகஸ் கொப்புளம் கொண்டுவரும். இதெல்லாம் பாடப்புத்தக சங்கதி சாமி!

அப்புறம் ஏன் கோட்டை விடறாங்க? மாத்திரை போட்ட மறுநாளே வந்தா குழந்தைகூட கண்டுபிடிச்சிடும். இது வாரம், மாசம், சில சமயம் வருஷக்கணக்குல கழிச்சு வரும். "ரொம்ப நாளா சாப்பிடறதுதானே"ன்னு நாமளே மறைச்சுடறோம். தோல் டாக்டர் தோலைப் பார்க்கிறார், பிபி டாக்டர் பிபியைப் பார்க்கிறார். மொத்த ஆளை யார் பார்க்கிறது?

உடனே "பார்த்தியா, இங்கிலீஷ் மருந்தே விஷம்"னு கிளம்பற கோஷ்டிக்கு: கொஞ்சம் உட்காருங்க. பிபியைக் கவனிக்காம விட்டா பக்கவாதம் வரும். வட்டச் செதிலைவிட அது பல மடங்கு கொடுமை. அம்மா மாத்திரையை நிறுத்தலை, டாக்டர் சொல்லி மாத்தினாங்க. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். தோல்ல புதுசா எது வந்தாலும், "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"ன்னு டாக்டர் கேக்கணும். கேக்கலையா, அட்டையை மேஜைமேல நீங்களே வைங்க.

அந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் ஆகும். எங்க அம்மாவுக்கு ஏழு மாசம் ஆச்சு.